பினாங்கின் வூ லியன் தே: ஒரு அவுன்ஸ் அபின் டிஞ்சருக்காகத் தண்டிக்கப்பட்ட மருத்துவர், பிளேக்கை அடக்கியது எப்படி?

வீட்டில் பாட்டி வெற்றிலையைக் கசக்கிப் புண்ணில் வைத்ததைப் பார்த்திருப்பீங்க. அல்லது குடும்ப வாட்ஸ்அப் குழுவில், ஏதோ ஒரு இலையின் சாறு எல்லாக் கிருமிகளையும் கொன்றுவிடும் என்று ஒரு வீடியோ வந்திருக்கும். உங்களுக்குள் ஒரு கேள்வி எழுந்திருக்குமே: இது உண்மையா? யார் சோதித்துப் பார்த்தது? எப்படி?

இதே கேள்வியை வாழ்நாள் முழுக்கக் கேட்ட ஒரு மருத்துவர் நம்ம பினாங்கில் பிறந்தவர். பெயர் வூ லியன் தே. கொரோனா காலத்தில் முகக்கவசத்தின் வரலாறு பேசப்பட்டபோதெல்லாம் இவர் பெயர் அடிபட்டது. 2021 மார்ச் 10 அன்று, அவருடைய பிறந்தநாளில், கூகுள் தன் முகப்பில் அவர் படத்தை வரைந்து வைத்தது.

அவர் மூலிகை ஆராய்ச்சியாளர் இல்லை. ஆனால் ஒரு செடியின் சாறு அவரை நீதிமன்றத்தில் நிறுத்தியது. கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் இன்னொரு பொருள், ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொன்ற கிருமியை அவருக்கு அடையாளம் காட்டியது. நம்பிக்கை எங்கே முடிகிறது, சோதனை எங்கே தொடங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள இவருடைய வாழ்க்கை நல்ல பாடம்.

பொற்கொல்லர் வீட்டுப் பையன்

1879 மார்ச் 10 அன்று பினாங்கில் பிறந்தார் வூ லியன் தே. தந்தை தென்சீனாவின் தைஷான் பகுதியிலிருந்து வந்து குடியேறிய பொற்கொல்லர். தாய் பினாங்கிலேயே பிறந்தவர். பெரிய குடும்பம். வசதியான குடும்பம் என்று சொல்ல முடியாது.

படித்தது பினாங்கு ஃபிரீ ஸ்கூலில். அப்போது அந்தப் பள்ளி ஜார்ஜ் டவுனின் ஃபார்குவார் தெருவில் இருந்தது. 1896-ல், பிரிட்டிஷ் ஆட்சியில் இந்த வட்டார மாணவர்கள் கனவு கண்ட குயீன்ஸ் ஸ்காலர்ஷிப் அவருக்குக் கிடைத்தது. 17 வயதில் கப்பல் ஏறி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் இமானுவேல் கல்லூரியில் மருத்துவம் படிக்கப் போனார். அங்கே மருத்துவம் படித்த முதல் சீன வம்சாவளி மாணவர் இவர்தான்.

லண்டனில் செயின்ட் மேரிஸ் மருத்துவமனை, லிவர்பூலில் வெப்பமண்டல நோய்க் கல்லூரி, பாரிஸில் பாஸ்டர் ஆய்வகம், ஜெர்மனியின் ஹாலே நகரம் என்று அடுத்தடுத்துப் பயிற்சி பெற்றார். அது நுண்ணுயிரியல் புதிதாகக் கண் திறந்த காலம். காய்ச்சலுக்குக் கெட்ட காற்று காரணமா, கண்ணுக்குத் தெரியாத உயிரி காரணமா என்று நூற்றாண்டுகளாக நடந்த வாதம், நுண்ணோக்கியின் கீழே தீர்ந்துகொண்டிருந்தது.

1903-ல் ஊர் திரும்பினார். கோலாலம்பூரின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் சுமார் ஓராண்டு பெரிபெரி நோயைப் பற்றி ஆராய்ந்தார். இவ்வளவு படித்தும் அரசு மருத்துவத் துறையில் உயர்ந்த இடம் கிடைக்க வழியில்லை. அந்தப் பதவிகள் பிரிட்டிஷ்காரர்களுக்கு மட்டும்தான். சரி என்று பினாங்குக்கு வந்து சூலியா தெருவில் சொந்தமாக மருத்துவம் பார்க்க ஆரம்பித்தார்.

சூலியா தெருவை உங்களுக்குத் தெரியும். தமிழ் முஸ்லிம் வணிகர்களை அந்தக் காலத்தில் சூலியா என்று அழைத்ததால் வந்த பெயர் அது. தமிழ், ஹொக்கியன், மலாய் எல்லாம் கலந்து ஒலித்த அந்தத் தெருவில்தான் இவருக்கு முதல் பெரிய சோதனை வந்தது.

ஒரே செடி: மருந்தும் அதுதான், நஞ்சும் அதுதான்

அந்தக் காலத்து மலாயாவில் அபின் சட்டப்படி விற்கப்பட்ட சரக்கு. ஈயச் சுரங்கத்திலும் துறைமுகத்திலும் வேலை செய்து களைத்துப்போனவர்கள் அதைப் புகைத்தார்கள். அபின் விற்கும் உரிமையை ஏலம் விட்டு வந்த பணம் காலனி அரசின் வருமானத்தில் பெரும் பங்கு. அதனால் அதைத் தடுக்க யாருக்கும் அவசரமில்லை.

அபின் என்பது கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடியும் பால்தான். வலியைக் குறைக்கும் மார்ஃபின், இருமலை அடக்கும் கோடீன் இரண்டும் அதில் இருக்கின்றன. அளவோடு, மருத்துவர் கையில் இருந்தால் மருந்து. அளவு தவறினால் அடிமைத்தனம், அதற்கும் மேலே போனால் மரணம். செடியிலிருந்து வந்தது என்பதால் ஒரு பொருள் தீங்கில்லாதது ஆகிவிடாது என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் தேவையா?

வூ லியன் தே தன் மருத்துவமனைக்கு வந்தவர்களின் நிலையைப் பார்த்தார். பினாங்கு அபின் எதிர்ப்புச் சங்கத்தின் தலைவராகவும் தலைமை மருத்துவராகவும் பொறுப்பேற்றார். 1906-ல் ஈப்போவில் அபின் எதிர்ப்பு மாநாட்டை நடத்தினார். சுமார் 2,000 பேர் கலந்துகொண்டார்கள். அபின் வியாபாரத்தில் பணம் பார்த்தவர்களுக்கு இது பிடிக்குமா?

பிடிக்கவில்லை. அவருடைய மருந்தகத்தைச் சோதனை போட்டார்கள். ஒரு அவுன்ஸ் அபின் டிஞ்சர் சிக்கியது. டிஞ்சர் என்றால் ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்த சாறு. அபினுக்கு அடிமையானவர்களுக்குச் சிகிச்சை தருவதற்காக வாங்கி வைத்திருந்தது அது. கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்ற மருத்துவர் என்பதெல்லாம் எடுபடவில்லை. சட்டத்துக்குப் புறம்பாக வைத்திருந்தார் என்று நீதிமன்றம் தண்டித்தது. மேல்முறையீடும் தள்ளுபடியானது.

தெருவெங்கும் அபின் புகை. அதை எதிர்த்தவர் கையில் ஒரு சின்ன பாட்டில். குற்றவாளி ஆனது பாட்டில் வைத்திருந்தவர்!

இந்த வழக்கு வெளிநாடு வரை பேசப்பட்டது. சீனாவில் அதிகாரத்தில் இருந்த யுவான் ஷிகாயிடமிருந்து அழைப்பு வந்தது. தியன்ஜினில் இருந்த ராணுவ மருத்துவக் கல்லூரியில் துணை இயக்குநர் பதவி. சொந்த ஊரில் பெயர் கெட்ட நிலையில், 1908-ல் அவர் சீனாவில் வேலையில் சேர்ந்தார். அப்போது அவருக்கு 29 வயது.

ஹார்பின்: உறைபனியில் ஒரு கொள்ளைநோய்

1910-ன் இறுதி. சீனாவின் வடகிழக்கில் உள்ள மஞ்சூரியாவில் மக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். காய்ச்சல், இருமல், இருமலில் ரத்தம், ஓரிரு நாளில் மரணம். நோய் தாக்கியவர்களில் பிழைத்தவர் என்று யாருமே இல்லை என்கிற நிலை. ரயில் பாதை வழியாக நோய் ஊர் ஊராகப் பரவியது.

டிசம்பர் 24 அன்று ஹார்பின் நகரத்தில் வந்து இறங்கினார் வூ லியன் தே. உடன் வந்தது ஒரே ஒரு உதவியாளர். வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே 20, 30 டிகிரி குளிர். பினாங்கு வெயிலில் வளர்ந்த 31 வயது மருத்துவர். உள்ளூர் மொழி வழக்கும் அவருக்குச் சரளமில்லை.

என்ன நோய் என்று ஆளுக்கொரு கருத்து. எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி மூலம் பரவும் பிளேக்தான், எலியைப் பிடித்தால் போதும் என்று பலர் நம்பினார்கள். மரபு வைத்தியர்கள் தங்களிடம் இருந்த மூலிகைகளை எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளியின் அருகே உட்கார்ந்து நாடி பார்த்த அவர்களில் பலரும் நோய் தொற்றி இறந்தார்கள். பிளேக்குக்கு எதிராக அப்போது இருந்த நவீன ஊசி மருந்தும் நோயாளிகளைக் காப்பாற்றவில்லை. பழைய மருந்தும் கைகொடுக்கவில்லை, புதிய மருந்தும் கைகொடுக்கவில்லை.

அகர்-அகர் சொன்ன பதில்

வந்த மூன்றாம் நாள், டிசம்பர் 27 அன்று, ஃபூஜியாடியன் பகுதியில் ஒரு விடுதிக்காரரின் ஜப்பானிய மனைவி இந்த நோயில் இறந்தார். அந்த உடலை வூ லியன் தே பிரேதப் பரிசோதனை செய்தார். இறந்தவர் உடலைக் கீறுவது அன்றைய சீனாவில் பெரும் பாவமாகக் கருதப்பட்டது. அதனால் சத்தமில்லாமல் செய்ய வேண்டியிருந்தது.

ரத்தத்தை எடுத்து, அகர் ஊற்றிய சோதனைக் குழாய்களில் வளர்த்தார். அகர் என்றால் வேறொன்றும் இல்லை. பினாங்கில் கடைகளில் வாங்கிச் சாப்பிடுகிறீங்களே, அதே அகர்-அகர்தான். பெயரே மலாய்ச் சொல். கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் இந்தப் பொருள் சூட்டில் எளிதில் இளகாது, பெரும்பாலான பாக்டீரியாக்களால் அதைத் தின்று கரைக்கவும் முடியாது. அதனால் அதில் சத்துப்பொருள் கலந்தால் கிருமிகள் அதன்மேல் தனித்தனிப் புள்ளிகளாக வளரும். ஜாவாவில் வாழ்ந்த ஒருவரிடமிருந்து இந்தச் சமையல் நுட்பத்தைத் தெரிந்துகொண்ட ஃபானி ஹெஸ்ஸே என்ற பெண்தான், 1880-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஆய்வகத்துக்கு இதைக் கொண்டுபோனார். நம் வட்டாரச் சமையலறை உலகத்துக்குக் கொடுத்த கொடை என்றே சொல்லலாம்.

நுண்ணோக்கியில் தெரிந்தது பிளேக் கிருமி. இரு முனையும் அடர்ந்த நிறத்தில், நடுவே வெளிறி, பார்ப்பதற்கு ஊக்கு மாதிரி. ஆனால் அது நுரையீரலில் நிறைந்திருந்தது. வூ லியன் தே முடிவுக்கு வந்தார்: இந்த நோய்க்கு எலி தேவையில்லை. இருமும் மனிதனிடமிருந்து, காற்று வழியாக, பக்கத்தில் நிற்கும் மனிதனுக்கு நேரடியாகப் பரவுகிறது.

மருந்து இல்லை என்றால் என்ன செய்வது? கிருமி உள்ளே போகும் வழியை அடைக்க வேண்டியதுதான். பஞ்சும் மெல்லிய துணியும் அடுக்கி, மூக்கையும் வாயையும் இறுக மூடும் முகக்கவசத்தை எல்லாரையும் கட்டச் சொன்னார்.

அங்கே வந்த ஜெரால்ட் மெனி என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை ஏற்கவில்லை. அனுபவத்தில் மூத்தவர். இளம் சீன மருத்துவர் சொல்வதைக் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. முகக்கவசம் இல்லாமலே நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாட்களில் நோய் தொற்றி, 1911 ஜனவரி 11 அன்று இறந்துபோனார். அதற்குப் பிறகு முகக்கவசத்தை யாரும் கேலி செய்யவில்லை.

2,000 உடல்கள்

இன்னொரு ஆபத்து ஊருக்கு வெளியே கிடந்தது. நிலம் கல்லாக உறைந்துவிட்டதால் புதைகுழி தோண்ட முடியவில்லை. 2,000-க்கும் மேற்பட்ட உடல்கள் சவப்பெட்டிகளிலும் வெளியிலுமாகக் குவிந்திருந்தன. குளிரில் கிருமியும் அழியாது. எரித்தாக வேண்டும். ஆனால் முன்னோரை மண்ணில் புதைத்து வணங்கும் மக்களிடம் போய், உங்கள் அப்பா அம்மாவை எரிக்கப் போகிறோம் என்று சொல்வது சாதாரண விஷயமா?

உள்ளூர்ப் பெரியவர்களை அழைத்துப் போய் அந்தக் காட்சியைக் காட்டினார். பேரரசின் அனுமதியைக் கேட்டார். அனுமதி கிடைத்தது. ஜனவரி 31 அன்று உடல்கள் எரிக்கப்பட்டன. கூடவே நகரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்தார்கள். நோய்த் தொடர்பு உள்ளவர்களை ரயில் பெட்டிகளில் தனிமைப்படுத்தினார்கள். பயணத்தைத் தடுக்க ராணுவத்தை நிறுத்தினார்கள். 2020-ல் நாம் வீட்டுக்குள் முடங்கியபோது செய்ததெல்லாம் ஞாபகம் வருகிறது, இல்லையா?

மார்ச் 1-க்குப் பிறகு ஃபூஜியாடியனில் புதிய நோயாளி யாரும் வரவில்லை. மஞ்சூரியாவில் அந்தக் குளிர்காலத்தில் இறந்தவர்கள் சுமார் 60,000 பேர். ஏப்ரலில் முக்தேன் நகரத்தில் 11 நாடுகளின் நிபுணர்கள் கூடிய சர்வதேச பிளேக் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார் வூ லியன் தே. 1894-ல் ஹாங்காங்கில் பிளேக் கிருமியை ஆராய்ந்து புகழ்பெற்ற கிடாசாடோவும் அந்த அவையில் இருந்தார். சில ஆண்டுகளுக்கு முன் பினாங்கு நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற அதே மருத்துவர்தான் இவர்.

பழைய மருத்துவத்தை அவர் வெறுத்தாரா?

இப்படிக் கேட்டால் பதில் சுவாரசியமானது. சோதனைக்கு உட்படாத வைத்தியத்தை அவர் ஏற்கவில்லை. சீனாவில் நவீன மருத்துவத்தைக் கொண்டுவர உழைத்தவர். 1915-ல் சீன மருத்துவர் சங்கம் உருவாக முன்னின்றார். மஞ்சூரியாவில் பிளேக் தடுப்புச் சேவையை 1912 முதல் ஏறத்தாழ 20 ஆண்டுகள் நடத்தினார். 1930-ல் தேசியத் தனிமைப்படுத்தல் சேவையின் முதல் இயக்குநரானார்.

அதே சமயம், அமெரிக்க அறிஞர் ஒருவர் எழுதிய பெரிய மருத்துவ வரலாற்று நூலில் சீன மருத்துவத்துக்கு ஒரு பக்கம்கூட ஒதுக்கப்படாததைப் பார்த்து வருந்தினார். வாங் ஜிமின் என்ற மருத்துவருடன் சேர்ந்து, சீன மருத்துவத்தின் வரலாற்றை ஆங்கிலத்தில் ஒரு பெரிய நூலாக எழுதி 1932-ல் வெளியிட்டார். தன் முன்னோர் அறிவை மறக்கவும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் இல்லை. பதிவு செய்ய வேண்டும், பிறகு சோதிக்க வேண்டும். அவ்வளவுதான்.

1935-ல் நோபல் பரிசுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. பரிசு கிடைக்கவில்லை. மலாயாவில் பிறந்த ஒருவர் அப்படிப் பரிந்துரைக்கப்பட்டது அதுவே முதல் முறை.

1937-ல் சீனாவில் போர் வெடித்ததும் மலாயாவுக்குத் திரும்பினார். உலகம் அறிந்த மனிதர், ஈப்போவில் ஒரு சாதாரணக் கிளினிக் வைத்து மருத்துவம் பார்த்தார். ஏழைகளிடம் காசு வாங்கவில்லை. ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் கெரில்லாக்கள் அவரைப் பிடித்துப்போய்ப் பணயம் கேட்ட துயரமும் நடந்தது. ஈப்போவில் பொது நூலகம் அமைய நிதி திரட்டினார். 1959-ல் தன் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். 1960 ஜனவரி 21 அன்று, 80 வயதில், பிறந்த ஊரான பினாங்கிலேயே காலமானார்.

அவர் மறைவதற்கு முன்பே ஒரு பெரிய மாற்றம் நடந்துவிட்டது. 1943-ல் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. ஹார்பினில் அவர் கையில் இல்லாத மருந்து அது. பிளேக் கிருமியை உடலுக்குள்ளேயே கொல்லும் மருந்து.

அப்படியானால் இலைச் சாறு கிருமியைக் கொல்லுமா?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். பினாங்கில் அறிவியல் மலேசியப் பல்கலைக்கழகம் உட்பட உலகின் பல ஆய்வகங்களில் மூலிகைச் சாறுகளைப் பாக்டீரியாக்கள் மீது சோதித்துப் பார்க்கிறார்கள். முதல் படி எளிமையானது. இலையைக் காயவைத்து, பொடித்து, தண்ணீரிலோ மெத்தனாலிலோ ஊறவைத்துச் சாறு எடுப்பார்கள். அகர் தட்டில் பாக்டீரியாவைப் பூசுவார்கள். சாற்றில் நனைத்த பொட்டு அளவுக் காகிதத்தை அதன்மேல் வைத்து, உடல் வெப்பநிலையில் ஓர் இரவு விட்டுவிடுவார்கள். காலையில் காகிதத்தைச் சுற்றிக் கிருமி வளராத தெளிவான வளையம் இருந்தால், சாற்றில் ஏதோ வேலை செய்கிறது என்று அர்த்தம்.

பக்கத்திலேயே இன்னும் இரண்டு காகிதங்கள் இருக்கும். ஒன்றில் தெரிந்த ஆன்டிபயாடிக். இன்னொன்றில் சாறு எடுக்கப் பயன்பட்ட திரவம் மட்டும். இந்த இரண்டாவது ஏன்? கிருமியைத் தடுத்தது இலையா, இல்லை மெத்தனாலா என்று தெரிய வேண்டுமே!

பல மூலிகைகள் இந்த முதல் படியில் தேறிவிடுகின்றன. வீடியோக்கள் இங்கேயே நின்றுவிடுகின்றன. ஆனால் பாத்திரம் கழுவும் சோப்பும்கூட இந்தத் தட்டில் கிருமியைக் கொல்லும். அதற்காக அதைக் குடிப்போமா?

அடுத்த கேள்வி அளவு. நல்ல ஆன்டிபயாடிக் பெரும்பாலும் மைக்ரோகிராம் கணக்கில் வேலை செய்யும். சுத்திகரிக்காத சாறு பல சமயம் மில்லிகிராம் கணக்கில், அதாவது நூறு, ஆயிரம் மடங்கு தேவைப்படும். அதற்கடுத்து, அந்த அளவில் மனித செல்லுக்குக் கேடு வராதா? வயிற்றைத் தாண்டி ரத்தத்தில் சேருமா? கடைசியில் நோயாளிகளிடம் முறையான சோதனை. இவ்வளவு படிகளையும் தாண்டுபவை மிகச் சில. இன்று நாம் சாப்பிடும் ஆன்டிபயாடிக்குகளில் பெரும்பாலானவை செடியிலிருந்து வரவில்லை. மண்ணின் நுண்ணுயிரிகள், பூஞ்சைகளிலிருந்து வந்தவை அல்லது ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டவை.

செடிகளால் பயனில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. மலேரியாவுக்கான குயினைனும் ஆர்ட்டிமிசினினும் செடிகள் தந்தவை. பழைய ஆன்டிபயாடிக்குகளுக்குக் கிருமிகள் பழகிவரும் இந்தக் காலத்தில் புதிய மருந்துக்கான தேடல் அவசரமானது. பாட்டியின் வெற்றிலை அந்தத் தேடலுக்கு நல்ல தொடக்கம். முடிவு அல்ல.

அடுத்த முறை அப்படி ஒரு வீடியோ வந்தால் மூன்று கேள்வி கேளுங்க. எந்தக் கிருமி மீது சோதித்தார்கள்? எவ்வளவு சாறு? தட்டிலா, மனிதரிடமா? பதில் இல்லை என்றால், காய்ச்சலோடு இருப்பவரின் ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட்டு அதைக் கொடுக்காதீங்க.

பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் இன்று ஒரு மாணவர் இல்லத்துக்கு வூ லியன் தே பெயர். பள்ளிக்கு அருகே தாமான் வூ லியன் தே என்று ஒரு குடியிருப்புப் பகுதியும் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் பெயர்ப்பலகையைப் பாருங்க. ஒரு அவுன்ஸ் டிஞ்சருக்காகத் தண்டித்த ஊர், பின்னர் தன் குடியிருப்புப் பகுதிக்கு அவர் பெயரை வைத்திருக்கிறது.